முதல் பெஞ்சுக் கண்ணாடி

“அண்ணே, வர்றது ஈசூன் பஸ்ஸா?”

கண் கிளினிக்கில் விட்ட சொட்டு மருந்து ஒரு பக்கம், கண்ணாடியில் வழியும் மழை ஒரு பக்கம்... சிராங்கூன் ரோடு மொத்தமும் நிவேதிதாவுக்குக் கலங்கிப்போய்த் தெரிந்தது. அதனால்தான் பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நின்ற நீலச் சட்டையைக் கேட்டாள்.

நீலச் சட்டை சிரித்தது. “அண்ணன்னு கூப்பிட்டா எப்படிலா பதில் சொல்றது, நிவே?”

அந்தக் குரல்... ரத்னவேல்.

உயர்நிலைப் பள்ளித் தமிழ் வகுப்பில் கண்ணாடி போட்டவர்களுக்கெல்லாம் முதல் பெஞ்சு. டீச்சர் போட்ட சட்டம். அங்கே அருகருகே இரண்டு சோடாபுட்டிகள், இவளும் அவனும். ஒருவர் கண்ணாடியை மற்றவர் மாட்டிப் பார்த்து, யாருக்குப் பவர் அதிகம் என்று சண்டை போட்ட நாட்கள்... எவ்வளவு இனித்தன. பிறகு ரத்னவேல் ஐயா காண்டாக்ட் லென்ஸ் போட்டார். மறுவாரமே கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். அழகனானதும் கர்வம் வந்துவிட்டது என்று இவள் பேச்சை நிறுத்தினாள். ஏன் என்று அவனும் கேட்கவில்லை. ரோஷத்துக்கு மட்டும் இருவரிடமும் குறைச்சலே இல்லை.

“கண்ணுக்கு என்ன?”

“ஆபரேஷன் பண்ணலாமான்னு செக் பண்ண வந்தேன். கார்னியா மெலிசாம், லேசர் வேணாங்கிறாங்க. கண்ணுக்குள்ளயே லென்ஸ் வைக்கலாமாம்.” தயங்கினாள். “பொண்ணு பாக்க வர்றவங்க கண்ணாடியத்தான் பாக்குறாங்க. அம்மா அவசரப்படுத்துறாங்க... எனக்குப் பயமா இருக்கு.”

“அவங்களுக்காகப் பண்ணாத.”

“சொல்றது யாரு? லென்ஸ் போட்டதும் முதல் பெஞ்ச விட்டு ஓடுனவர்தானே?”

இத்தனை வருடக் கோபமும் குரலில் வந்துவிட்டது. ரத்னவேல் அவள் பக்கம் திரும்பினான்.

“பக்கத்துல உக்காந்தா உன்னைத் திரும்பித் திரும்பிப் பாக்கணும், டீச்சர் பிடிச்சிருவாங்க. பின்னாடி போனா பாடம் முழுக்கப் பாக்கலாம். கண்ணாடியோட பின்னாடி விட மாட்டாங்களே... அதுக்குத்தான் லென்ஸே போட்டேன். நீ பேசாம போனதும், பிடிக்கலன்னு நினைச்சிட்டேன். எனக்கு இன்னிக்கும் நீதான் நிவே.”

எதிரில் இருந்த முகம் மங்கல்தான். ஆனாலும் அவளுக்குக் கண் நிறைந்தது. பைத்தியக்காரி, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஈசூன் பஸ் வந்து நின்று, கிளம்பியும் போனது. இருவரும் ஏறவில்லை.

“காலையில எந்திரிச்சதும் கண்ணாடியத் தடவாம கடிகாரம் பாக்கணும்னு எனக்கே ஆசைதான். பண்ணுனா எனக்காகத்தான் பண்ணுவேன்.”

“சரி.”

“முடிஞ்சதும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வேணுமாம். அம்மா பேரச் சொல்லியிருக்கேன்... மாத்தவா?”

“அன்னைக்கு மட்டும்னா வர மாட்டேன்.”

“எல்லா நாளும்தான் கேக்குறேன், ரத்னா. எனக்கு அப்பவே உன்னைப் பிடிக்கும்.”