சிறுத்தைப்பூனையின் ஒற்றை ரோமம்

முள்வேலியில் சிக்கியிருந்த ஒற்றை ரோமத்தைப் பார்த்ததும் சந்தனமேரி குதித்தே விட்டாள். விலங்கியலில் டாக்டர் பட்டம் வாங்கிய நாற்பது வயதுப் பெண் குதிக்கலாமா என்று கேட்கக் கூடாது. மூன்று வருடத் தேடல் அது.

"அண்ணே! அடி சாம்பல், நடுவுல மஞ்சள், நுனி கறுப்பு. சிறுத்தைப்பூனை!"

ஜீப் ஓட்டும் மாடசாமி எட்டிப் பார்த்தார். "வீட்டுப் பூனை சைசுதான் இருக்கும்பீங்களே, அதுவா மேடம்?"

"அதேதான். ஆனா கால் நீளம், உடம்பெல்லாம் புள்ளி, காதுக்குப் பின்னாடி வெள்ளைப் பொட்டு. ஓடையில எறங்கி மீன்கூடப் பிடிக்கும்."

திங்கட்கிழமை இந்தச் சோலைக்காட்டை வெட்டிச் சுரங்கப்பாதை தோண்டப் போகிறார்கள். நிறுத்த ஒரே வழி வாழிடச் சட்டம். இந்தப் பூனை குட்டி போட்ட இடம் பூனைக்கே சொந்தம். சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு மனிதர் யாரும் குடியிருக்கக் கூடாது, எதையும் தோண்டக் கூடாது. சாட்சி சொல்வது ரோமமானி என்ற கருவி. தின்ற இரையும் குடித்த நீரும் வளரும் ரோமத்தில் வாரவாரம் பதிந்துவிடும். கருவி அதைப் படித்து, இடத்தைக் கண்டுபிடித்து, நேரே தலைநகருக்கு அனுப்பிவிடும். நடுவில் யாரும் மறைத்துவிடாதபடி, நிறுத்தும் பொத்தானே வைக்கக் கூடாதென்று சண்டை போட்டவள் இதே சந்தனமேரிதான்.

ரோமத்தைச் செருகினாள்.

திரையில் எழுத்துகள் ஓடின. பெண் பூனை. குட்டிகளுக்குப் பாலூட்டியது.

"குட்டி போட்டிருக்கு அண்ணே! காடு தப்பிச்சிருச்சு!"

மாடசாமிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அதற்குள் அடுத்த வரி வந்தது. இரை, அரிசி தின்ற எலி. நீர், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர். அப்புறம் ஐந்து வாரம் பாக்கெட் பால்.

மாடசாமியின் முகம் மாறியது. "மேடம்... எங்க லைன் வீட்டுப் பரண்ல ஒரு பூனை குட்டி போட்டுச்சு. உடம்பெல்லாம் புள்ளி. ஊர்ப் பூனைன்னு நெனச்சு எம் பொண்டாட்டிதான் தினம் பால் வெச்சா."

ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அந்த எஸ்டேட் லைனில் இருநூறு தொழிலாளர் குடும்பங்கள். பூனை இந்தக் காட்டு வழியாகச் சும்மா நடந்து போயிருக்கிறது, அவ்வளவே. காடும் போயிற்று, வீடுகளும் போயின. அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டதென்று பச்சை விளக்கு எரிந்தது.

"காலி பண்ண எத்தனை நாள் குடுப்பாங்க மேடம்?" என்றார் மாடசாமி.

சட்ட வரைவில் முதலில் முப்பது நாள் என்றுதான் இருந்தது. இவ்வளவு எதற்கு என்று சிவப்பு மையால் அதை அடித்து மாற்றியவள் அவள்.

"மூணு நாள் அண்ணே."