வண்டிக்கு அடியில் தெரிந்த கால்கள்

வடிந்த எண்ணெய் வெதுவெதுப்பாக இருந்தது.

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த பெரியவன், இன்ஜினின் வயிற்றிலிருந்து கறுப்பாக இறங்கிய அந்த எண்ணெயை விரலால் தொட்டுப் பார்த்தான். நம்பாமல் மறுபடியும் தொட்டான். அப்பா இறந்த நாளிலிருந்து யாரும் கிளப்பாத பழைய வண்டி அது. காலையிலிருந்து விடாமல் பெய்த மழையில் கொட்டகையின் தகரக் கூரையும், சிமெண்டுத் தரையும், கையிலிருந்த ஸ்பேனரும் சில்லிட்டுக் கிடக்க, எண்ணெய் மட்டும் இப்போதுதான் ஊர் சுற்றிவிட்டு வந்து நின்ற வண்டியினுடையதைப் போல இளஞ்சூட்டோடு வடிந்தது.

“டேய், இதை நீ ஸ்டார்ட் பண்ணினியா?”

“பேட்டரியே கழட்டி வெச்சிருக்கு. வாயால ஊதியா ஸ்டார்ட் பண்ணுவாங்க?” வண்டியின் முன்பக்கத்தில் நின்ற சின்னவன் சொன்னான். “உன் கைதான் பனிக்கட்டியா இருக்கும். எதைத் தொட்டாலும் சுடும்.”

தம்பி சொல்வதில் நியாயம் இருப்பதாக எடுத்துக்கொள்வது பெரியவனின் வழக்கம். இப்போதும் அப்படியே எடுத்துக்கொண்டான்.

இன்ஜினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் தேய்ந்துபோனதற்குக் காரணமே சின்னவன்தான். மீசை அரும்பிய வயதில், எண்ணெய் வற்றியது தெரியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனவன், இரும்பை இரும்பு அடிக்கும் கடகட ஓசையோடு திரும்பி வந்தான். அன்று அப்பா அவனுடைய தோள்பட்டை எலும்பை உடைத்தார். அப்பாவின் கோபம் எப்போதும் சின்னவனைத் தேடித்தான் போகும். குறுக்கே போய் விழுவது பெரியவனின் வேலை. “ஓடுடா” என்று கத்துவான். சின்னவன் ஓடிவிடுவான். மீதி அடியெல்லாம் அண்ணனின் முதுகில் இறங்கும். அன்று ஓடியவன், அப்பா கண்ணை மூடிய பிறகுதான் வீட்டுப்படி ஏறினான். அண்ணன் சட்டை மாற்றியபோது அந்த முதுகைப் பார்த்தான். பிறகு, “இனிமே நான் ஓட மாட்டேன்” என்று மட்டும் சொன்னான். தான் கெடுத்ததைத் தானே சரிசெய்ய வேண்டும் என்று புதுப் பேரிங்குகளைத் தேடிப்பிடித்து வாங்கிவந்ததும் அவன்தான்.

வேலை கடினமானதல்ல, பொறுமைதான் வேண்டும். பேரிங்கின் கீழ்ப்பாதியை அதன் மூடியோடு கழற்றிவிடலாம். மேல்பாதியோ தண்டுக்கும் இரும்புச் சுவருக்கும் இடையில் பதுங்கியிருக்கும். தண்டிலுள்ள துளையில் சிறிய ஆணியொன்றைச் செருகிவிட்டு, முன்பக்கத்திலிருந்து ஒருவர் பம்பர் துளையில் இரும்பு ஹேண்டிலைச் செருகி மெல்லத் திருப்பினால், அந்த ஆணி தேய்ந்த தகட்டைத் தள்ளிக்கொண்டே வெளியே வரும். கீழே இருப்பவன் கையை உள்ளே விட்டு அதை வாங்கிக்கொள்ள வேண்டும். அவனுக்கு, முன்பக்கம் நிற்பவனின் கால்கள் மட்டும் தெரியும். நிற்பவனுக்கு அவனுடைய குரல் மட்டும் கேட்கும்.

“திருப்பு.”

பம்பருக்கு அப்பால் சின்னவனின் நீல ரப்பர்ச் செருப்புகள் அகன்று ஊன்றின. தண்டு வெடுக்கென்று அசைந்தது.

“மெதுவாடா. கை உள்ள இருக்கு.”

“உன் கை போயிட்டா நீ வேலை பாக்குற அச்சகத்துல எழுத்துப்பிழை விடுறதுக்கு ஆள் வேண்டாமா? பத்திரமாத்தான் சுத்துறேன்.”

முதல் தகடு பிறை போல வளைந்து, ஈய நிறம் உரிந்து, செம்பு தெரிய அவன் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அதுவும் சூடாக இருந்தது.

அடுத்த மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மழை வலுத்தது. தகரத்தின் மேல் கூழாங்கற்களைக் கொட்டுவது போன்ற பேரிரைச்சல். அந்த இரைச்சலில் சின்னவன் ஏதோ சொன்னது போலிருந்தது; பெரியவன் காதில் சரியாக விழவில்லை. ஆணியைச் செருகினான். கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டான்.

“திருப்பு.”

தண்டு திரும்பியது. குலுங்கவில்லை, தயங்கவில்லை. அந்த இன்ஜினோடு ஆயுள் முழுவதும் பழகிய கை திருப்புவது போல வழுவழுவென்று நகர்ந்தது.

“பரவாயில்லையே, கத்துக்கிட்டே.”

புலி வந்து நிற்கும் குளக்கரையில் தவளைகள் வாயடைத்துப் போவதைப் போல, மழை திடீரென்று ஓய்ந்திருந்தது. பழைய எண்ணெய், துரு, ஈரச் சிமெண்டு ஆகியவற்றின் வாடைகளுக்கு நடுவே, இதுவரை இல்லாத ஒரு மணம் தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. முகச்சவர சோப்பின் மணம்.

வீட்டின் சமையலறையிலிருந்து சின்னவனின் குரல் கேட்டது.

“அண்ணா, டீ கொதிச்சிருச்சு. சர்க்கரை போடவா, இல்ல டாக்டருக்குப் பயந்து வெறும் டீ குடிக்கப் போறியா?”

பெரியவன் தலையைத் திருப்பினான்.

பம்பருக்கு அப்பால் இரண்டு வெறுங்கால்கள் நின்றன. அகலமான பாதங்கள். வெடித்த குதிகால்கள். பெருவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறிப் படுத்திருந்தது. வெளியே முற்றமெல்லாம் சேறு. அந்தக் கால்களில் ஒரு துளி ஈரம் இல்லை. சிறுவயதில் தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்த நாட்களில், இதே உயரத்திலிருந்து, இதே கால்களைப் பார்த்திருக்கிறான்.

கையை இழுத்தான்.

அவன் சொல்லாமலே தண்டு திரும்பியது. அதன் கனத்த இரும்புப் பாளம் சுழன்று வந்து மணிக்கட்டைச் சுவரோடு வைத்து நசுக்கியது. எலும்பு முறியும் ஓசை அவன் காதுக்கு முன் பல்லுக்குக் கேட்டது. முழங்கை வழியாகச் சூடாக வழிந்தது எண்ணெய் அல்ல.

அவன் கத்தவில்லை. கத்தினால் சின்னவன் வருவான். உதட்டைக் கடித்தான். உதடு கிழிந்தது. இடது கையால் தண்டைத் தள்ளினான். அசையவில்லை.

முற்றத்துச் சேற்றில் ரப்பர்ச் செருப்புகள் சளக் சளக்கென்று நெருங்கின. ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். ஒன்றும் தெரியாமல் நேராக வந்தான்.

இனி வேறு வழியில்லை.

“ஓடுடா.”

செருப்புகள் நின்றன. கோப்பைகள் விழுந்து உடைந்தன.

“அண்ணா?”

“ஓடுடா. உள்ள வராதே. ஓடு.”

அவன் ஓடினான். கொட்டகையை நோக்கி ஓடிவந்தான்.

வெறுங்கால்கள் வாசல் பக்கமாகத் திரும்பின. இரும்பு உரசும் நீண்ட ஓசையோடு ஹேண்டில் துளையிலிருந்து உருவப்பட்டது.

“யாரு...”

ஓர் அடி. ஈரமான சத்தம். ஒரு நீலச் செருப்பு கழன்று சக்கரத்தில் மோதியது. இன்னோர் அடி. முழங்கால்கள் மடிந்தன. மறுபடியும். மறுபடியும். அவசரமே இல்லாமல். சின்னவனின் முகம் தரைக்கு வந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வாயிலிருந்து குமிழிகள்.

உயிர் இருந்தது.

“விட்டுடுங்க அப்பா. என்னை அடிங்க.” பெரியவனின் குரல், பத்து வயதுக் குரல்.

அடி நின்றது. வெறுங்கால்கள் சின்னவனின் அருகே வந்து நின்றன. புதிதாகச் சவரம் செய்த தாடையொன்று தாழ்ந்தது. அதற்கு மேல் வண்டியின் நிழல். ஒரு கை சின்னவனின் சட்டைக் காலரைப் பற்றி வண்டிக்கு அடியில் இழுத்து வந்தது. தூங்கும் குழந்தையைப் பாயில் கிடத்துவது போல, அண்ணனின் பக்கத்தில் ஒட்டிக் கிடத்தியது. துவண்டு கிடந்த வலக்கையை எடுத்தது. அதன் விரல்களை ஒவ்வொன்றாக நீவி விரித்தது. அண்ணனின் கைக்குப் பக்கத்தில், தண்டுக்கும் சுவருக்கும் இடையில், கவனமாகச் செருகியது.

பிறகு கால்கள் முன்பக்கம் போயின. அகன்று ஊன்றின. ஹேண்டில் துளையைத் தேடி நுழைந்து, பல்லில் மாட்டியது.

சின்னவன் மற்றொரு கண்ணைத் திறந்தான். அண்ணனின் முகத்தை அருகில் பார்த்ததும் அவன் உதடுகள் அசைந்தன.

“நான் ஓடல அண்ணா.”

தண்டு மெல்ல, வழுவழுவென்று, திரும்பத் தொடங்கியது.