அனுப்பாத செய்தி

அருப்புக்கோட்டை பஜாரில் பாத்திரக்கடைக்கு மேலே இருந்த அந்த அறைக்கு நாகஜோதி ஏறி வந்தபோது, நெற்றியில் தையல் பிரித்த தழும்பு இன்னும் சிவந்திருந்தது. பின்னாலேயே அவளுடைய அப்பா சோலைச்சாமி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவோரமாக நின்றார்.

போலீஸ் சைபர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஆவுடைத்தாய் இப்போது தனியாகத் துப்பறிந்து வந்தார். உதவிக்கு வீரபத்திரன். பாதி கேட்டதுமே முடிவு சொல்லிவிடுகிற ஆள்.

“என்னயக் காட்டிக் குடுக்குறது யாருன்னு தெரியணும் மேடம்,” என்றாள் நாகஜோதி.

கணவன் விஜயபாண்டி நரிக்குடிக்காரன். அடி தாங்காமல் அவள் எம்.ரெட்டியபட்டியில் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். அருப்புக்கோட்டையில் தையல் கம்பெனி ஒன்றில் வேலை. அங்கே தோழியான முத்துலட்சுமி கோயம்புத்தூரில் அவளுக்கு வேறு வேலை பார்த்துக் கொடுத்தாள். கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் விஜயபாண்டி நின்றிருந்தான்.

“போறது முத்துலட்சுமிக்கு மட்டுந்தான் தெரியும். எம்புருசனோட ரகசியமாப் பேசுறியான்னு கம்பெனி வாசல்ல வச்சுக் கத்திட்டேன். அதுக்கப்புறம் அவ வேலைக்கே வரல.”

“பெறகு?”

“யாருகிட்டயும் சொல்லாம வீரசோழனுக்குப் போனேன். கூடப் படிச்ச புள்ள வீடு அங்க இருக்கு. பஸ்ஸ விட்டு எறங்குறேன், எதுக்க நிக்கிறான். ‘கூடப்பொறந்தவளா நெனச்சியோ அவள?’ன்னு கேட்டுக்கிட்டே கல்லால அடிச்சான்.”

“முத்துலட்சுமிதான் மேடம், சந்தேகமே இல்ல,” என்றார் வீரபத்திரன்.

ஆவுடைத்தாய் அவரைக் கவனிக்கவில்லை. “கூடப்பொறந்தவன்னு அவன் ஏன் சொன்னான்?”

“நான் அவளுக்கு எழுதுன வார்த்த அது. கத்துனதுக்கு அப்புறம் மனசு கேக்கல. ‘ஒன்னயக் கூடப்பொறந்தவளா நெனச்சேன், இப்படிப் பண்ணலாமா’ன்னு எழுதினேன்.”

“அனுப்பினியா?”

“இல்ல. எழுதி அழிச்சுட்டேன்.”

ஆவுடைத்தாய் எழுந்து, மேசை மேல் இருந்த நாகஜோதியின் போனை எடுத்தார். மூலையில் கண்ணாடி கீறியிருந்தது. இவ்வளவு நேரம் யாரும் தொடாமல் கிடந்தும் அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி சூடாக இருந்தது. உதட்டில் விரலை வைத்துக்காட்டி, திரையைத் திறக்க விரலால் இழுக்கும் பூட்டுக்கோலத்தை நாகஜோதியையே போடச் சொல்லிச் சைகை காட்டி, போனைப் பின்னறைக்குக் கொண்டு போனார். வீரபத்திரனும் உடன் போனார். திரும்பி வரும்போது போன் கையில் இல்லை. பின்னறையில் ரேடியோ சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது.

“பழைய பேட்டரியா இருக்கும்னு நெனச்சேன்,” என்றார் வீரபத்திரன்.

“வாங்கி ஒரு வருசங்கூட ஆகல,” என்றாள் நாகஜோதி. “முந்தி ரெண்டு நாளைக்குச் சார்ஜ் நிக்கும். இப்ப மத்தியானமே தீந்துருது. படம் கிடம் பாக்குறதே இல்ல, நெட்டும் காலையிலேயே காலியாயிருது.”

“அது யாரும் தொடாதப்பவும் வேலை பாக்குது. அதான் சூடு, அதான் நெட்டு,” என்றார் ஆவுடைத்தாய். “முகப்புல படமே இல்லாத ஒரு ஆப் உள்ள இருக்கு. போனோட வந்த மாதிரி ‘சிஸ்டம்’னு பேரு. ஆனா ஆங்கிலத்துல ஒரு எழுத்து தப்பு. மைக்கு, இருக்குற எடம், திரையில எழுதுறது எல்லாத்தையும் பாக்க அதுக்கு அனுமதி குடுத்திருக்கு. கெட்ட ஆப்பைக் கண்டுபிடிக்கிற காவலையும் அணைச்சு வச்சிருக்காங்க. அனுப்பாத செய்தியை முத்துலட்சுமி எப்படிப் படிச்சிருப்பா? படிச்சு அவனுக்கு அனுப்பினது இந்தப் போன்தான்.”

நாகஜோதி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“ஆனா இதைப் போனைக் கையில வச்சு, பூட்டைத் திறந்துதான் போட்டிருக்கணும். கம்பெனியில போனை எங்க வைப்பீங்க?”

“கேட்டுல வாங்கி வச்சுக்குவாக. சாயங்காலந்தான் தருவாக.”

“அந்தப் பூட்டுக்கோலம் யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. அப்பா போனுக்கும் அதே கோலம் போட்டுக் குடுத்தேன், அவுகளுக்கு மறக்கக் கூடாதுன்னு.”

“எப்ப இருந்து சூடாகுது?”

அவள் யோசித்தாள். “கோயம்புத்தூர் கெளம்புறதுக்கு முந்தி, போன் கண்ணாடி மாத்தணும்னு அப்பா டவுனுக்குக் கொண்டு போனாக. பொழுது சாஞ்சுதான் வந்தாக. கடை பூட்டிக் கெடந்துச்சுன்னாக. அதுக்குப் பெறகு…”

அவள் மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பினாள்.

“பூட்டின கடைக்கு முன்னால அவ்வளவு நேரம் என்ன வேலை ஐயா?” என்று ஆவுடைத்தாய் கேட்டார். குரல் உயரவில்லை.

சோலைச்சாமி துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார். “மாப்ள கெஞ்சுனாரு. ‘எங்க இருக்கான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும் மாமா, சமாதானம் பேசிக் கூட்டிட்டுப் போயிருவேன்’னாரு. குடும்பம் சேந்துரும்னுதான் போனைத் தெறந்து அவரு கையில குடுத்தேன்… எழுதுறதெல்லாம் தெரியும்னு எனக்குத் தெரியாது தாயி.”

“வீரசோழன்ல அடிச்சான்,” என்றார் ஆவுடைத்தாய். “தையல் போடுறப்ப பக்கத்துலதான நின்னிருப்பீங்க? அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?”

நாகஜோதி அப்பாவுக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டாள். அவள் அழவில்லை.

“ஆப்பை இப்ப அழிக்காத,” என்றார் ஆவுடைத்தாய். “அழிச்சா அவனுக்குத் தெரிஞ்சுரும், சாட்சியும் போயிரும். போனோட நேரா மகளிர் ஸ்டேசனுக்குப் போவோம். வீரபத்திரன் கூட வருவாரு.”

“இப்ப நான் இங்க இருக்கேன்னு அவனுக்குத் தெரியுமா மேடம்?”

“தெரியும்.”

“ராத்திரி எங்க இருப்பேன்?”

யார் செய்தது என்று கண்டுபிடித்துச் சொன்ன ஆவுடைத்தாய் இதற்கு டைரியைப் புரட்ட வேண்டியிருந்தது. “பொம்பளைகளுக்கான அரசு விடுதிக்கு எழுதிக் கேக்கலாம்,” என்றார்.

நாகஜோதி அவருடைய போனைக் கேட்டு வாங்கி, மனப்பாடமாகத் தெரிந்த எண்ணை அழுத்தினாள். எடுத்தது முத்துலட்சுமியின் அம்மா நாகமணி.

“அத்தை, நான் ஜோதி. முத்துலட்சுமிகிட்ட ஒரு வார்த்தை பேசணும். அவ மேல தப்பே இல்ல, நான்தான்…”

“அவகிட்ட போனில்ல. வாங்கி வச்சுட்டோம்,” என்றது அந்தக் குரல். “அடுத்தவ புருசனோட பேசுறவன்னு தெருவே பேசுது. அவுக அப்பா வேலைக்கும் விடல, வாசப்படியத் தாண்டவும் விடல. பாத்து முடிச்ச மாப்ள வீட்டுலயும் வேண்டாம்னுட்டாக.”

“நானே வந்து சொல்றேன் அத்தை. கம்பெனியிலயும் சொல்றேன்.”

“எத்தன பேருகிட்டம்மா சொல்லுவ?” என்றாள் நாகமணி, கோபமே இல்லாமல். பிறகு வைத்துவிட்டாள்.

நாகஜோதி போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஸ்டேசனுக்குக் கிளம்ப, வீரபத்திரன் பின்னறையில் இருந்த அவளுடைய போனை எடுத்து வந்தார். அப்பாவைத் தாண்டித்தான் படியிறங்க வேண்டியிருந்தது. அவர் வழி விட்டு ஒதுங்கினார்.