பவளத் தொட்டிக்குப் பின்னால்

முதலில் வெளுத்தது கண்ணாடித் தொட்டியின் இடது மூலையில் இருந்த ஊதாப் பவளம். காலையில் அம்சம் வேலைக்குக் கிளம்பும்போது அதன் நுனியில் மட்டும் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி இருந்தது. சாயங்காலம் நீடாமங்கலத்திலிருந்து திரும்பி வந்து விளக்கைப் போட்டபோது அடிவரை எலும்பு வெள்ளை. அவள் அழவில்லை. புருஷன் செல்லதுரை லாரியில் அடிபட்டுச் செத்த அன்றைக்கே அழாதவள், பவளத்துக்கா அழப்போகிறாள்? ஊரில் அதையும் ஒரு குறையாகப் பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள்.

கடல் மீனும் உயிருள்ள பவளமும் வளர்க்கிற அந்தத் தொட்டி செல்லதுரையுடையது. வயலில் உப்பு ஏறிவிடக்கூடாதே என்று ஊரே பயந்துகொண்டிருக்கையில் ஒருத்தன் வீட்டுக்குள் உட்கார்ந்து உப்புத் தண்ணீர் கலக்கினால் சிரிக்கத்தானே செய்வார்கள். சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். இப்போது அவன் இல்லை, தொட்டி இருக்கிறது, அதற்குள் ஒவ்வொன்றாக வெளுத்துச் சாகிறது. அவன் கடைசியாக வாங்கி வந்து தன் கையாலேயே பாறையில் ஒட்டிய பச்சை மூளைப் பவளம் மட்டும் இன்னும் நிறம் விடாமல் இருந்தது. பிள்ளை குட்டி இல்லை. அவன் கை பட்டு இன்னும் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். அதை விடுவதாக இல்லை அவள்.

அம்சம் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கிறவள். என்ன நோய் என்று தெரியாதபோது, எதெல்லாம் இல்லை என்று தள்ளிக்கொண்டே வருவது அவளுக்குப் பழக்கம். உப்பு சரியாக இருந்தது. சூடு சரி. விளக்கு சரி. தண்ணீரில் செம்பு கலந்திருக்குமோ என்று பார்த்தாள், இல்லை. பக்கத்து வயலில் அடித்த பூச்சி மருந்தாக இருந்தால் மீன்கள் முதலில் மிதந்திருக்கும். மிஞ்சியது ஒன்று. தண்ணீர் புளித்துக்கொண்டிருந்தது. பகல் முழுக்க எட்டுக்கு மேல் நிற்கிற பி.எச். அளவு, விளக்கு வைக்கிற நேரம் வந்ததும் யாரோ சொல்லி வைத்த மாதிரி இறங்க ஆரம்பித்துவிடும்.

பவளங்களை விற்ற கலந்தருக்குப் போன் போட்டாள். முத்துப்பேட்டைக்காரன், சென்னையில் கடை வைத்திருந்தான்.

"அழுக்கு நுரை எடுக்கிற மிஷின் ஓடுதுல்லக்கா, அது காத்த எங்கேர்ந்து இழுக்குது?"

"தெரியலையே."

"சின்னதா ஒரு டியூப் தொங்கும் பாருங்க. அந்த எடத்துல கெட்ட காத்து இருந்தா நேரா தண்ணியிலதான் கலக்கும். தண்ணி புளிச்சிடும். போய்ப் பாருங்க."

தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துப் படுத்து, செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். ஒட்டடை, காய்ந்த உப்பு, பல்லி முட்டை. அவற்றுக்கு நடுவே சிமெண்டுத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்று எழுந்து நின்றது. மிஷினின் டியூப் அதன் வாய்க்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது. குழாயின் மேல் கையை வைத்தாள். மணிக்கட்டில் காற்று பட்டது. வெதுவெதுப்பாக, ஈர மண்ணும் புகையிலையும் கலந்த வாசத்தோடு வந்தது. கொஞ்சம் நின்றது. பிறகு அவள் கையைத் தாண்டி உள்ளே போனது.

மாமனார் வீரையன் கொல்லையில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். இதே வீட்டு வயலில் கூலிக்கு அறுத்து, பின்னாளில் இந்த வீட்டையே விலைக்கு வாங்கிய மனிதர். அவரிடம் போய்க் குழாயைப் பற்றிக் கேட்டாள்.

"அது பழைய கெணறும்மா," என்றார். "கெணத்த மூடுனா அது மூச்சு விட ஒரு கொழாய் வைக்கணும். இல்லாட்டி வீட்டுக்கு ஆகாது."

"யாரு மூடுனது?"

"மிராசுதாரு. கழகம் மொதல் தடவ ஆட்சிக்கு வந்த சமயம். கூலி கூட்டிக் கேட்டு எங்க அண்ணன் தங்கையன் இந்த வீட்டுக்குள்ள வந்துச்சு. வெளிய வரல. போலீசு வாய்க்கா வாய்க்காலாத் தேடுனாங்க. அடுத்த வாரமே கெணத்த மூடி மேல ரூம்பு கட்டிட்டான்."

"தோண்டிப் பாக்கலாமே மாமா."

"எலும்ப எடுத்துட்டா செத்துட்டுதுன்னு ஆயிடும்." வைக்கோலைக் கீழே போட்டார். "இப்ப மூச்சு விடுதுல்ல. அத மட்டும் அடைச்சிடாதம்மா."

டியூபை ஜன்னலுக்கு வெளியே இழுத்து விட்டாள். பயனில்லை. அறையே அந்தக் காற்றால்தான் நிறைந்திருந்தது. மூளைப் பவளம் தன் பச்சை விளிம்பைச் சுருட்டிக்கொண்டு, பல்லுக்கு மேல் ஈறு ஏறுகிற மாதிரி, ஓடு தெரிய ஆரம்பித்தது. இனி அதை இடம் மாற்றினால் செத்துவிடும் என்றான் கலந்தர். வயதானவர் ஏதோ துக்கத்தில் பேசுகிறார், கிணற்றில் இருப்பது விஷவாயு, அவ்வளவுதான் என்று அம்சம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். லேபில் வேலை பார்க்கிறவள் வேறு எப்படி நினைப்பாள்?

அன்றைக்குச் சாயங்காலம் மாமனார் டீக்கடைக்குப் போனதும் கதவைச் சாத்தினாள். ஓட்டை அடைக்கிற எம்-சீல் பசையை இரண்டு கையாலும் பிசைந்து, உருட்டி, குழாயின் வாயில் வைத்து அழுத்தினாள். கடைசியாக வந்த காற்று அவள் விரலிடுக்கில் சீறிவிட்டு அடங்கியது.

அறை அமைதியானது. இத்தனை மாதமும் அந்த அறையில் ஒரு சத்தம் இருந்திருக்கிறது என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

கட்டைவிரலை எடுக்காமலே தலையைத் தூக்கித் தொட்டியின் மீட்டரைப் பார்த்தாள். பி.எச். எண் இறங்கவில்லை. நின்றது. ஒரு புள்ளி ஏறியது. மூளைப் பவளம் விளிம்பை மெல்ல விரித்தது, பச்சையாக, ஈரமாக. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. செல்லதுரை போன பிறகு முதல் தடவையாக நெஞ்சில் ஏதோ ஒன்று அசைந்தது.

கட்டைவிரலுக்கு அடியில் எம்-சீல் உப்பியது.

காற்று சேர்ந்திருக்கும். அமுக்கினாள். அடங்கியது.

மறுபடி உப்பியது. இந்தத் தடவை நடுவில் மட்டும். ஒடுங்கலாக. ஒரு பக்கம் மெத்தென்று இருந்தது. மறுபக்கம் தட்டையாக, கெட்டியாக.

நகம்.

கையை எடுத்துவிடலாம். இன்னும் இறுகவில்லை. ஒரு இழுப்பில் பிடுங்கி எறிந்துவிடலாம். தொட்டியைப் பார்த்தாள். பச்சை.

இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினாள். அடியில் இருந்தது அவசரப்படவில்லை. கூலி கேட்க வந்தவன் வாசலில் நின்று கதவைத் தட்டுகிற மாதிரி, பணிவாக, ஒரு தரம் அழுத்தியது. நிறுத்தியது. மறுபடி அழுத்தியது. வெதுவெதுப்பாக இருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம்.

"அம்சம்? ஏம்மா கதவு சாத்தியிருக்கு?"

"ஒண்ணுமில்ல மாமா. டீ குடிச்சிட்டீங்களா?"

அவள் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"ஆச்சும்மா. தண்ணி சரியாச்சா?"

வீரையன் குரல் அந்த அறைக்குள் வந்ததும் விரல்களுக்கு அடியில் இருந்தது அசையாமல் நின்றது. உற்றுக் கேட்டது.

பிறகு வேக வேகமாகப் பிறாண்ட ஆரம்பித்தது.

"சரியாயிடுச்சு மாமா," என்றாள் அம்சம். எம்-சீல் இறுகிக்கொண்டிருந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.