பார்க்காத முதல் பாதி

"டிக்கெட் கவுண்டர் சாவியக் குடுங்க அண்ணி..."

காலைக் காபியைக்கூடத் தொடாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றான் கொழுந்தன். அரை டிராயரோடு திரிந்த நாளில் அவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் அவள். அவள் கணவரைப் பார்த்தாள். குடும்பத்துத் தியேட்டரில் படம் ஓட்டுகிறவர். வீட்டில் வாயைத் திறக்காதவர். அன்றைக்கும் செய்தித்தாளுக்குள் இன்னும் கொஞ்சம் புகுந்துகொண்டார்.

"நான் என்னப்பா தப்பு பண்ணினேன்?"

"இடைவேளை ஆனதும் வேலையில்லாதவங்களுக்கெல்லாம் கதவத் திறந்து விடுறீங்களே... ஓசியில பாதிப் படம் பாக்கிறவன் டிக்கெட் எதுக்கு வாங்குவான்? நம்மள நடுத்தெருவுல நிறுத்திட்டுத்தான் ஓய்வீங்களா?"

ஆலை மூடிய வருடம் அது. வேலை போனதை வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு, சுற்றுக் கிராமங்களிலிருந்து சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கிளம்பிவந்த ஆண்கள் தியேட்டர் சுவரோரம் பொழுதைப் போக்கினார்கள். ஆலையின் சாயங்காலச் சங்கு வழக்கமாக ஊதும் நேரம்வரை அவர்கள் வீடு திரும்ப முடியாது. அவர்களைத்தான் அவள் உள்ளே விட்டாள். கவுண்டரை மூடிவிட்டு, தானும் பின்சுவரில் சாய்ந்து நின்று பார்ப்பாள். என்ன சிரிப்புச் சிரிப்பார்கள் அவர்கள்... அந்தச் சிரிப்பைக் கேட்கவே அவளுக்கு ஆசையாக இருக்கும்.

சாவியைக் கொடுத்துவிட்டாள். அழுகையை அடுப்படியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு ஆலை திறந்தது. கூட்டம்தான் தியேட்டர் பக்கம் திரும்பவில்லை. புதுப்படம் வாங்கிப் போட வழியில்லாமல், கொழுந்தன் ஆலை மூடியிருந்த நாளில் ஓடிய படம் ஒன்றையே கொண்டுவந்து போட்டான். மதியக் காட்சிக்கு அரங்கு நிறைந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

இடைவேளை மணி அடித்தது. மொத்தக் கூட்டமும் எழுந்து வாசலை நோக்கி நடந்தது.

அவன் பதறிப்போய்க் குறுக்கே நின்றான். "என்னங்க, படம் பிடிக்கலையா?"

"படத்துக்கு என்ன குறை தம்பி?" என்றார் ஆலையில் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறவர். "பின்பாதி எங்களுக்கு மனப்பாடம். அந்தம்மா புண்ணியத்துல பாத்தது. கதை எப்படி ஆரம்பிச்சுதுன்னுதான் தெரியாம இருந்துச்சு."

"மிச்சத்தையும் பாத்துட்டுப் போகலாமே..."

"வேணாம்பா. பாத்தா அந்த நாளெல்லாம் ஞாபகம் வருது. இங்க கொஞ்சம் சிரிச்சிருக்கலேன்னா நான் உயிரோட வீடு போயிருக்க மாட்டேன்... ஆமா, அந்தம்மா எங்க? கவுண்டர்ல காணோமே?"

கொழுந்தன் வீட்டுக்கு ஓடினான். துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடியில் முகத்தைப் புதைத்து, நடந்ததையெல்லாம் சொல்லித் தேம்பினான்.

"தப்புப் பண்ணிட்டேன் அண்ணி... ரெண்டு அறை விடுங்க."

"தோளுக்கு மேல வளந்தவன அறையவாடா முடியும்?" அவளும் அழுதாள். "நீ கேட்டதுகூடப் பெரிசில்ல. உங்கண்ணன் அன்னிக்கு ஒரு வார்த்தை பேசலியே... அதான் இன்னும் ஆறல."

அவன் சாவியை அவள் கையில் திணிக்கப் பார்த்தான். அவள் வாங்கவில்லை.

"நாளைக்கு வந்து உக்கார்றேன். இன்னிக்கு நீயே இரு."

"இன்னும் கோபமா அண்ணி?"

"இல்லடா. டிக்கெட் குடுத்தே முதல் பாதியெல்லாம் போச்சு. எனக்கும்தான் ஆரம்பம் தெரியாது."

மாலைக் காட்சிக்கு முதல் டிக்கெட்டை அவளுக்குக் கிழித்துக் கொடுத்தான். விளக்குகள் அணைந்தன. படம் ஓட்டும் அறையின் சின்ன ஜன்னல் வழியே கணவர் எட்டிப் பார்த்தார். அவள் இடம் தேடி, நன்றாகச் சாய்ந்து உட்காரும்வரை, அவர் படத்தைத் தொடங்கவில்லை.