பாறையில் நின்றுபோன பாதிச் செய்தி

ஜவ்வாது மலையில் நதியாவின் ஊரில் எந்த வீட்டிலும் செல்போன் சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே ஒரு பெரிய பாறை. அதன் உச்சியில் நின்றால் மட்டும் இரண்டு கோடு சிக்னல் எட்டிப் பார்க்கும். அப்பாவின் போனோடு அதில் ஏறி, வந்திருக்கும் செய்திகளை ஊருக்குப் படித்துச் சொல்வது பத்து வயது நதியாவின் வேலை. அதில் அவளுக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அம்மாடி!

அன்று காலை பாறை உச்சியில் கால் வைத்ததுமே போன் 'டிங்' என்றது.

'உஷார்! பச்சை லோடு ஆட்டோவில் பிள்ளை பிடிக்கிறவன் மலை ஏறியிருக்கிறான்!'

போன் மேலும் 'டிங் டிங்' என்றது. யார் நின்று பார்ப்பது? ஒரே ஓட்டமாக இறங்கி வந்து, தெருவில் நின்று கத்தினாள். பிள்ளைகளை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊரே கதவைச் சாத்தியது.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பச்சை லோடு ஆட்டோ ஒன்று ஊருக்குள் வந்தே விட்டது! பின்னால் பிளாஸ்டிக் குடங்கள். ஓட்டியவர் ஊருக்குப் புதியவர். பக்கத்தில் ஒரு சிறுமி.

நதியாவின் பெரியப்பா வடிவேலு பாய்ந்துபோய் வண்டிச் சாவியைப் பிடுங்கினார்.

"யாருய்யா நீ? இந்தப் புள்ள யாரு?"

"ஊரு ஆலங்காயங்க. பேரு ஜப்பார். குடம் விக்க வந்தேன். இது என் பொண்ணு அஃப்ரா. ஸ்கூல் லீவுன்னு கூட்டியாந்தேன்."

"மாட்டிக்கினா எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க!" என்றார் பக்கத்து வீட்டு பாஞ்சாலை. "உன் பேரு இன்னா பாப்பா? நீ சொல்லு."

சிறுமி பயத்தில் வாயே திறக்கவில்லை.

"பாத்தீங்களா? மயக்க மருந்து குடுத்திருக்கான்!"

நான்கு பேர் தடியோடு வந்துவிட்டார்கள். ஒருவர் ஜப்பாரின் சட்டையைப் பிடித்தார்.

"அத்தா!" என்று அலறிய அஃப்ரா, ஜப்பாரின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

நதியா திடுக்கிட்டாள். பிடிபட்ட பிள்ளை, பிடித்தவன் கழுத்தையா கட்டிக்கொள்ளும்? அந்த 'டிங் டிங்' அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போனைப் பார்த்தாள். ஒரே ஒரு செய்திதான் இருந்தது. மணி மட்டும் அடித்திருக்கிறது; அவள் இறங்கியதும் சிக்னல் போய், மற்றவை வந்து சேரவே இல்லை!

"பெரிப்பா, அடிக்காதீங்க! நான் பாதிதான் படிச்சேன்!"

"இன்னாது, பாதியா?"

"மீதியப் பாத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் யாரும் அவர் மேல கை வெக்காதீங்க!"

மூச்சிரைக்கப் பாறை ஏறினாள். போன் அடுத்தடுத்துக் கத்தியது. கடைசியாக அவள் பள்ளிக்கூடத்து அருணா டீச்சரின் செய்தி வந்தது.

'பச்சை ஆட்டோ செய்தி பொய். போலீஸ் ஸ்டேஷனில் கேட்டுவிட்டேன். எங்கேயும் எந்தப் பிள்ளையும் காணாமல் போகவில்லை. யாரும் நம்பாதீர்கள்.'

நதியா விழுந்தடித்து ஓடி வந்து அதைப் படித்தாள். தடிகள் ஓசையில்லாமல் கீழே இறங்கின.

"தப்பா நெனச்சிக்காதீங்க பாய்" என்று பெரியப்பா சாவியை நீட்டினார். ஜப்பார் ஒரு கையால் மகளை அணைத்தபடி அதை வாங்கிக்கொண்டார்.

நதியாவுக்கு அழுகை பொங்கியது. "தப்பு என்மேலதான். மன்னிச்சிடுங்க."

"பரவால்லம்மா" என்றார் ஜப்பார்.

"இல்ல, பரவால்ல இல்ல!" என்றாள் அஃப்ரா. "ஊரு பூரா கேக்கற மாதிரிதானே எங்க அத்தாவ புள்ள புடிக்கிறவர்னு கத்தின? இப்ப எங்ககிட்ட மட்டும் மன்னிப்பு கேக்கற?"

நதியா தெருவைப் பார்த்தாள். பெரியவர்கள் ஆறேழு பேர்தான் வெளியே நின்றார்கள். கதவுகள் இன்னும் சாத்தித்தான் இருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் கதவைத் தட்டினாள்.

"நான் சொன்ன சேதி பொய்! அவரு குடம் விக்கிறவரு. கூட இருக்கறது அவரோட பொண்ணு!"

"நெஜமா? முழுசாப் படிச்சியா?" உள்ளே இருந்தவர்களுக்கு இப்போது அவள்மேல்தான் சந்தேகம்.

காலையில் ஒரே கத்தலில் முடிந்த வேலைக்கு, இப்போது ஒவ்வொரு வாசலிலும் நின்று போனைக் காட்ட வேண்டியதாயிற்று. அஃப்ராவும் கூடவே நடந்தாள், ஒரு வீடும் விட்டுப்போகாமல் எண்ணிக்கொண்டு.

பன்னிரண்டாவது வீட்டில் நதியாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

அஃப்ரா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தானே முன்னால் போய்க் கதவைத் தட்டினாள்.

"வெளியே வாங்க! எங்க அத்தா குடம் கொண்டாந்திருக்காரு!"