கடல்பக்கக் கதவு

சிலுவையம்மாள் சிரித்தபடி வாசலுக்கு வந்தாள். நர்ஸ் தேவப்பிரியத்துக்கு அது சரியாகப் படவில்லை. மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய நாள் முதல், நர்ஸ் பார்க்க வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்த பெண் அவள். இன்று தலை வாரி, கனகாம்பரம் வைத்து, கைக்குழந்தையை இடுப்பில் ஏந்தி, புதிதாகக் கல்யாணமானவள் போல நின்றாள்.

"வா நர்ஸம்மா, வெயில்ல இன்னாத்துக்கு நிக்கிற?"

உச்சிவேளை. எண்ணூர்க் குப்பம் உண்டு முடித்து உறங்கிக் கிடந்தது. ரயிலடியிலிருந்து மணலில் நடந்து வந்த வழியில் தேவப்பிரியம் பார்த்த ஒரே ஆள் லூயிஸ், சிலுவையம்மாளின் கணவனுக்கு அண்ணன். கட்டுமர நிழலில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். "இன்னா நர்ஸம்மா, எங்க குப்பத்துல இன்னும் எத்தினி லூசு பாக்கி கீது?" என்று ஒவ்வொரு முறையும் கிண்டல் செய்பவன், இன்று தலை நிமிரவில்லை.

"நாங்கல்லாம் கோயில் வராந்தாவுலதான் படுத்துக்கினு கீறோம். நீ பாட்டுக்குத் தொறந்து வுட்டுட்டுப் பூட்ட," என்று வலையைப் பார்த்தபடியே சொன்னான்.

தேவப்பிரியம் திறந்தது சிலுவையம்மாள் வீட்டின் கடல்பக்கக் கதவை. கடலுக்குப் போய் உடல் கிடைக்காதவனுக்கு, அந்தக் குப்பத்தில் அவன் சட்டையைப் பெட்டியில் வைத்துப் பூசை செய்து புதைப்பார்கள். அது முடியும்வரை, போனவன் உள்ளே வந்துவிடாதபடி, வீட்டின் கடல்பக்கக் கதவைப் பழைய வலையால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். சிலுவையம்மாளின் கணவன் ஸ்டானிஸ்லாஸ் கடலிலிருந்து திரும்பவில்லை. அவன் சட்டையைப் புதைக்கச் சிலுவையம்மாள் கொடுக்கவும் இல்லை. கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுகிறான் என்று கதறினாள். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் தேறித் திரும்பினாள். அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: மறுபடியும் குரல் கேட்டால் அவள் வார்டுக்கு வர வேண்டியதுதான், குழந்தையைக் கன்னியாஸ்திரீகள் மடத்தில் விட வேண்டியதுதான்.

இருட்டும் புழுக்கமும் நோயை வளர்க்கும் என்பது தேவப்பிரியம் படித்த படிப்பு. போன வாரம் லூயிஸ் தடுத்தும் கேட்காமல் வலையை அறுத்துக் கதவைத் திறந்துவைத்தாள்.

இன்று லூயிஸ் சொன்னதைக் கேட்டும் அவளுக்குப் பயம் வரவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கணவர் கருணாகரன் இறந்துபோன பிறகு அவளுக்கு எதுவுமே வருவதில்லை. சோறு வாய்க்குள் போனது. ரயில் வந்தது, ஏறினாள். மற்றவர்களின் அழுகைக்கு நடுவே கலங்காமல் உட்கார முடிந்ததால், நல்ல நர்ஸ் என்று பெயர் வாங்கியிருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கருவாட்டு வாடையும் தார் வாடையும் எழுந்தன. அவற்றுக்கு அடியில் வேறொன்று இருந்தது. முகத்துவாரம் அடைத்துக்கொள்ளும் நாட்களில் கழிமுகச் சேற்றைக் காலால் கிளறினால் மேலே வருமே, குளிர்ந்து, லேசாக இனித்து, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் வாடை, அது. திறந்த கதவு வழியாக வெயில் வெள்ளையாக உள்ளே விழுந்திருந்தது. ஆனாலும் தரையின் ஈரம் அவள் பாதங்களைச் சில்லிட வைத்தது.

"ராத்திரி தூக்கம் வருதா?"

"நல்லா வருது."

"சாப்பாடு?"

"மீனுக்கு இன்னா கொறச்சல்? வூட்டுக்கே வந்துகினு கீது."

"அந்தக் குரல்?"

"இப்பல்லாம் கூப்புடறதே இல்ல, நர்ஸம்மா."

தேவப்பிரியம் மூச்சை விட்டாள். அவள் செய்தது பலித்துவிட்டது. "மருந்து வேலை செய்யுது, பார்த்தியா?"

"மருந்தா?" சிலுவையம்மாள் மறுபடி சிரித்தாள். "வூட்டுக்குள்ள வந்தப்புறம் அது இன்னாத்துக்குக் கூப்புடப் போவுது?"

வெளியே அலையோசை கேட்டது. அதற்கும் நெருக்கமாக, ஓலைத் தடுப்புக்கு அப்பால், உத்தரத்தில் கயிறு உரசியது. ஒரு இழுப்பு. நிதானம். மறுபடி ஒரு இழுப்பு.

சிலுவையம்மாள் அவள் மணிக்கட்டைப் பற்றினாள். சூடான, உயிருள்ள கை. "ஆஸ்பத்திரில சொல்லிடாத. புள்ளயப் பிடுங்கிக்குவாங்க. உன் கால்ல வுழறேன். நான் நல்லா கீறேன்னு மட்டும் சொல்லு. நல்லாத்தான கீறேன்?"

"சொல்றேன்," என்றாள் தேவப்பிரியம். முதலில் குழந்தை வெளியே போக வேண்டும். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். "குழந்தையை இப்படிக் கொடு. கொஞ்சம் காத்தாட வெச்சிருக்கேன்."

குழந்தை சிணுங்கியது. பிறகு வீறிட்டது.

"தூக்கத்துக்கு அழுவுது," என்று சிலுவையம்மாள் தடுப்புப் பக்கம் திரும்பினாள். "தோ, தூளியில போட்டா அடங்கிடும்."

தேவப்பிரியம் பின்னாலேயே போனாள். தடுப்பைத் தாண்டினாள்.

உத்தரத்திலிருந்து சேலைத் தூளி தொங்கியது. ஆடிக்கொண்டிருந்தது. அதை யாரும் ஆட்டவில்லை.

தூளி காலியாக இல்லை.

துணி பாரத்தால் தரையைத் தொட்டது. அடியில் தண்ணீர் சொட்டியது. உள்ளே எதுவோ உடலை முறுக்கி, மடங்கிக் கிடந்தது. ஒரு குழந்தையின் அளவு அல்ல. ஓர் ஆணின் அளவு.

சிலுவை, கொடுக்காதே.

சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தாள். குரல் வரவில்லை. பயம் வரும், வந்தால் கால் நகரும் என்று காத்திருந்தாள். பயமும் வரவில்லை.

சிலுவையம்மாள் குனிந்தாள். குழந்தையை நீட்டினாள்.

துணி உள்ளிருந்து விலகியது.

இரண்டு கைகள். ஊறி வெளுத்தவை. விரல்களில் தோல் தளர்ந்து தொங்கியது. பிள்ளை தூக்கிப் பழகியவை. தலைக்கடியில் ஒரு கையைக் கொடுத்து, பதமாக வாங்கிக்கொண்டன.

அழுகை நின்றது.